குகதாசனின் இடது கமக்கட்டு

இல்லை, பொலிஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. அவர் தன் கால்களால் நடந்துதான் போனார், வாசற்படியில் நின்று நான் பார்த்தேன். கமலாம்பிகைக்கு வாய் ஓயாது. எதிர்வீட்டுக்காரி என்பதால் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. "உவன் கோட்டுக்குள்ளை துவக்கு வைச்சிருக்கிறவன், என்ரை கண்ணாலை கண்டனான்" என்று எட்மண்டன் நகரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கண்டது சரி. என்னத்தைக் கண்டாள் என்பதுதான் கேள்வி.

குகதாசன் எங்கள் வீட்டு மேல் அறையில் இரண்டு வருடமும் நாலு மாதமும் இருந்தார். நாற்பத்தொரு வயது. ஊரில் சங்கக் கடை மனேச்சர். மெலிந்த ஆள், தோள் மட்டும் அகலம். எதை மென்றாலும் இடதுபக்கப் பல்லால்தான் மெல்லுவார். தேத்தண்ணீரை ஆறவிட்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். மனைவி சிவகௌரியும் ஏழு வயது மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தார்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்தால்தான் அவர்களைக் கூப்பிட ஏலும். முடிவு கடிதமாக எங்கள் விலாசத்துக்கு வரவேண்டும். அதுவரைக்கும் எந்த வில்லங்கத்திலும் பெயர் அடிபடக்கூடாது. அவர் வாழ்க்கை தபால் விழுகிற அந்தக் கதவு ஓட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் சில விசித்திரங்கள் இருந்தன, மறுக்கவில்லை. கோடை வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வாடகை மண்டபத்துக்கு எங்களோடு வருவார், ஆனால் பாதி வெள்ளிகளில் உள்ளே வராமல் சப்பாத்துக் கழற்றும் இடத்திலேயே நிற்பார். எல்லோரும் "அரோகரா" என்று தலைக்கு மேலே கை கூப்பும்போது அவர் அங்கேயே நின்று நெஞ்சோடு கூப்புவார். இடது முழங்கை விலாவோடு ஒட்டியே இருக்கும். எங்கே வேலை என்று கேட்டால் "பக்டரியிலை" என்பார். என்ன பக்டரி என்றால், "சும்மா ஒரு பக்டரி" என்பார்.

இவற்றையெல்லாம் கமலாம்பிகை ஒவ்வொன்றாக முடிந்து வைத்துக்கொண்டாள்.

எனக்கு உண்மை தெரிந்தது உடுப்புத் தோய்க்கும்போது. அவருடைய வெள்ளைச் சேட்டுகள் எல்லாவற்றிலும் இடது கமக்கட்டில் மண்ணிறக் கறை. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. சேட்டை எடுத்துக்கொண்டு மேலே போனேன். "தம்பி, உது வேர்வையில்லை. என்னெண்டு சொல்லும். சொல்லாட்டி நான் இதிலை இருந்து எழும்பமாட்டன்" என்று கட்டிலில் இருந்துவிட்டேன். அவர் கதவைச் சாத்தினார். கோட்டைக் கழற்றினார். சேட்டுக்கு மேலே, இரண்டு தோளையும் சுற்றி மாட்டுக்குக் கலப்பை பூட்டினதுபோல் தோல் வார்கள். இடதுபக்கம் ஒரு தோல் உறை. உறைக்குள் ஒரு பிடி தெரிந்தது. நான் கட்டிலை விட்டு எழும்பிவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ ஆச்சி, மரம்" என்று உருவிக் காட்டினார். பிஸ்டல் அளவுக்குச் சீவிய மரக்கட்டை. நடுவில் ஈயம் ஊற்றி, இரண்டு இறாத்தல் பாரம் வரச் செய்தது.

அவர் வேலை செய்தது ஒரு தோல் பட்டறையில். நாய்ச் சங்கிலி வார், குதிரைச் சாமான், அவற்றோடு பெரிய மனிதர்களுக்குக் காவல் நிற்கிற பொலிஸ்காரர் கோட்டுக்குள் மறைத்து மாட்டுகிற துவக்கு உறை. பட்டறைக்கார வெள்ளைக்கிழவனிடம் இவர் கற்றுக்கொண்டது தையலை. தானாகக் கண்டுபிடித்த முறை ஒன்று இருந்தது. புதிதாகத் தைத்த ஒவ்வொரு உறையையும் மூன்று நாள் தானே மாட்டிக்கொண்டு திரிவார். பஸ்ஸில் குந்தியிருந்து பார்ப்பார், குனிந்து பார்ப்பார், சாப்பிட்டுப் பார்ப்பார். எங்கே வெட்டுகிறது, எங்கே துருத்துகிறது என்று உடம்பில் கண்டபிறகுதான் கடைசித் தையல். புதுத்தோலின் சாயம்தான் கமக்கட்டில் ஊறியிருந்தது. தோல் உடம்பில் இருக்கிற வெள்ளிகளில் சாமிக்குக் கிட்டப் போகக்கூடாது என்று வெளியே நின்றிருக்கிறார்.

"உதைச் சொன்னால் என்ன தம்பி? களவோ எடுத்தனீர்?"

"தோல் தைக்கிறன் எண்டு சொன்னால், ஆச்சி, எங்கடை சனம் அடுத்ததா என்ன கேக்கும்? எந்தப் பகுதி ஆக்கள், என்ன சாதி எண்டு கேக்கும். நாளைக்கு என்ரை பிள்ளையைக் கேக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, எங்கள் சனத்தின்மேலா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தைக்கிற தோலைச் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடினார். மூடின இடத்தில் சனம் துவக்கைக் கொண்டுவந்து வைத்தது.

அன்றைக்குப் பிறகு அந்தச் சாமானின் குணம் குறையெல்லாம் எனக்குப் பாடம். நான் மீன் வெட்டும்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பார். "இடுப்பிலை கட்டினால் காருக்குள்ளை இருக்கேக்கை குத்தும், ஆச்சி. தோளிலை எண்டால் குத்தாது. ஆனா எடுக்கிறதெண்டால் கை நெஞ்சைத் தாண்டிப் போகவேணும். அதுக்கிடையிலை மற்றவன் எடுத்துப்போடுவான்." இன்னொரு நாள்: "துவக்கைப் படுக்கையா வைச்சால் அதின்ரை வாய் பின்னாலை நிக்கிறவனைப் பாத்துக்கொண்டிருக்கும். பாவம், அவன் ஆரோ." ஒரு பக்கம் பாரம் தொங்கினால் மற்றப் பக்கமும் பாரம் போடவேண்டும், இல்லாவிட்டால் பின்னேரத்துக்குள் கழுத்துப் பிடித்துவிடும். கோட்டை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைக்கவேண்டும். எந்த வெக்கைக்கும் அதைக் கழற்ற ஏலாது. கையைத் தூக்கினால் கோட்டு விலகி எல்லாம் வெளியே தெரிந்துவிடும்.

"அப்ப உந்தச் சாமானாலை என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன்.

"ஒளிக்கிறதுக்கு நல்லது ஆச்சி. எடுக்கிறதுக்குத்தான் நல்லதில்லை."

தொண்ணூற்றொன்று, சித்திரை மாதம், ஒரு திங்கட்கிழமைப் பின்னேரம். மகள் தவநாயகியும் மருமகன் சபாரத்தினமும் வேலைக்குப் போய்விட்டார்கள். குகதாசனுக்கு அன்று லீவு. கோட்டுக்குப் பதிலாக ஒரு கம்பளிச் சட்டை போட்டு, பொத்தான் பூட்டாமல், குசினி நிலத்தில் திருவலையில் குந்தியிருந்து எனக்குத் தேங்காய் திருவித் தந்துகொண்டிருந்தார். குனிந்து கையை ஆட்டினால் புது வார் எங்கே வெட்டுகிறது என்று பார்க்க அது நல்ல வேலையாம். கதவு தட்டுப்பட்டது. நான் போய்த் திறந்தேன். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் இரண்டு பேர். பின்னால் படலையடியில் சீருடை போட்ட பொலிஸ்காரன். என்னை ஒருவன் மெல்ல ஒதுக்கிவிட்டு இரண்டு பேரும் நேரே குசினிக்குப் போனார்கள். உயரமானவன் ஏதோ கத்தினான். எனக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனால் கையைத் தூக்கு என்றால் எந்தப் பாஷையிலும் விளங்கும்.

குகதாசன் கையைத் தூக்கவில்லை.

தூக்கினால் சட்டை விலகும், பிடி தெரியும், மரமென்று அவர்கள் காணுமுன் எல்லாம் முடிந்துவிடும். மரத்தை எடுத்துக் காட்டலாம் என்று கையை உள்ளே விட்டாலும் அதே கதி. அவருக்கு இது எங்கள் எல்லோரையும்விடத் தெரியும், எத்தனையோ நாள் மாட்டிக்கொண்டு திரிந்தவர் அல்லவா. உயரமானவனின் வலதுகை தன் கோட்டுக்குள் போய்விட்டது. குகதாசனின் இரண்டு கையும் தேங்காய்ப் பாதியைப் பிடித்தபடி திருவலையின் பல்லுக்கு மேலே அப்படியே நின்றன. விரலில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. "ஆச்சி, அசையாதேங்கோ" என்று தமிழில் சொன்னார். பிறகு அவர்களைப் பார்த்து மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இங்கிலிஷில் சொன்னார். இடது கமக்கட்டில் ஒரு மரத்துண்டு இருக்கிறது, நான் தொடமாட்டேன், நீங்களே வந்து எடுங்கள் என்று சொன்னதாகப் பிறகு எனக்குச் சொன்னார்.

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. மற்றவன், கட்டையானவன், பின்பக்கமாக வந்து, குனிந்து, சட்டைக்குள் கையை விட்டு உருவினான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மேசையில் ஒருமுறை தட்டினான். மரச்சத்தம் கேட்டது. உயரமானவன் கையை வெளியே எடுத்தான். அதற்குப் பிறகுதான் குகதாசன் தேங்காயைக் கீழே வைத்தார்.

பட்டறைக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். அறையைக் கிண்டினார்கள். போகும்போது உயரமானவன் புத்தகத்தில் ஏதோ எழுதினான். குகதாசன் அதைப் பார்த்து, "மரம் எண்டும் எழுதுங்கோ" என்று கேட்டிருக்கிறார். அவன் எழுதினதைத் திருப்பிக் காட்டினான். பிறகு இவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி ஒன்று சொன்னார். அவன் கழுத்தின் வலதுபக்கத்தைத் தடவிக்கொண்டே வெளியே போனான்.

"என்ன சொன்னனீர்?"

"உம்முடைய வார் இரண்டு ஓட்டை இறுக்கம் எண்டன். வரேக்கையே தலையைச் சரிச்சுக்கொண்டுதான் வந்தவர், பாவம்." சொல்லிவிட்டுக் குசினி நிலத்தில் இருந்துவிட்டார். அவருக்கு எழும்ப அரை மணித்தியாலம் பிடித்தது.

இரவுச் சாப்பாட்டில் சபாரத்தினம் கறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொலிஸ் வந்த வீடெண்டு பேராய்ப்போச்சு மாமி. அவரை வேறை இடம் பாக்கச் சொல்லுங்கோ."

"அவற்றை கடிதம் இந்த விலாசத்துக்குத்தான் வரவேணும். வருமட்டும் இருக்கட்டும். இல்லையெண்டால் என்ரை பெட்டியையும் சேத்துக் கட்டுங்கோ."

"நீங்கள் எங்கை போவியள்?"

"அது நான் பாத்துக்கொள்ளுவன். நீர் சோத்தைத் தின்னும்."

ஐந்து மாதம் போனது. தபால்காரன் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால் குகதாசன் மாடிப்படியில் வந்து நிற்பார், இறங்கமாட்டார். நான்தான் பொறுக்கிக் கொடுப்பேன். புரட்டாதியில் ஒருநாள் மண்ணிறக் கவர் விழுந்தது. வாசிக்கத் தெரியாவிட்டாலும் பாரத்தில் எனக்குத் தெரிந்தது. அவர் நின்றபடி ஒருமுறை வாசித்தார், படியில் குந்தி மறுபடி வாசித்தார். "விட்டிருக்கிறாங்கள், ஆச்சி. அவையளைக் கூப்பிடலாம்."

அடுத்த சனிக்கிழமை பட்டறைக்குப் பக்கத்தில் இரண்டு அறை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். சபாரத்தினம் பெட்டியைத் தூக்கித்தரப் போனார், இவர் கொடுக்கவில்லை. நான் வாசற்படியில் நின்றேன். கமலாம்பிகை தன் படலையடியில், கடையில் வாங்கின முருங்கைக்காய்க் கட்டோடு நின்றாள்.

"என்ன தம்பி, பெட்டியோடை? வேலை மாறிட்டுதோ? அது என்ன பக்டரி எண்டு நீர் ஒருநாளும் சொல்லேல்லை."

"தோல் தைக்கிறனான், அக்கா. துவக்குக்கு உறை."

குகதாசன் பெட்டியை நடைபாதையில் வைத்தார். கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு அவளுக்கு நேரே நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திக் கூப்பினார்.