தரையில்லாத கூடாரம்

மார்ச் மாதக் கடைசியில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறைந்த ஏரியின்மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பதற்கான கூடாரம் ஒன்றைச் சென்னையில் நான் வாங்கினேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. விற்றவர் மூன்று முறை எச்சரித்தார். நான்தான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நந்தனம் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்தேழு வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் செய்கிற காரியமா இது என்று கேட்டால், அந்த இருபத்தேழு வருடம்தான் காரணம் என்பாள் என் மனைவி. துருவப் பயணக் கதைகளை அலமாரி நிறைய வாங்கிப் படித்துவிட்டு, பனியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கிறவன் நான். நேரில் பார்த்த பனி, எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மாதம் ஒரு முறை கரண்டியால் சுரண்டி எடுப்பது மட்டும்.

கூடாரம் என் அண்ணனுக்காக. அண்ணன் முப்பது வருடமாக அமெரிக்காவின் வடக்கு மூலையில், வருடத்தில் ஐந்து மாதம் ஏரிகள் கல்லாகிக் கிடக்கிற ஒரு சின்ன ஊரில் இருந்தவர். ஜனவரியில் அண்ணி இறந்துபோனார். காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தவர் அடுப்பு மேடை ஓரமாகவே சரிந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. நான் போனில், "அங்க தனியா என்ன பண்ணப்போறீங்க, இங்க வந்துடுங்க" என்று தினமும் சொன்னேன். பிப்ரவரியில் ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்.

நாங்கள் சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலின் எல்லைக்குள், தெருக்களைப் பிரித்து, இருபது முப்பது வீடுகளுக்கு ஓர் அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். வீடு வீடாகக் கூடி ஜெபம் செய்வது அதன் வேலை. ஒரு வீட்டில் துக்கம் என்றால் அந்த வீட்டாரைத் தனியாக விடக்கூடாது என்பது அதன் எழுதாத சட்டம். எங்கள் அன்பியத்தின் தலைவி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. நாலாம் வகுப்பில் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். அண்ணன் வந்த அன்றே மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"அடக்கம் எல்லாம் நல்லபடியா ஆச்சா தம்பி?"

"ஆச்சு டீச்சர்."

அண்ணனிடம் நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை. கேட்கத் தோன்றவில்லை. நம் ஊரில் காலையில் போனவர் அன்று மாலையோ மறுநாளோ மண்ணுக்குள் போய்விடுவார். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரவேண்டும் என்றால் வாடகைக் குளிர்பெட்டியில் இன்னும் ஒரு நாள். எனக்குத் தெரிந்த நாட்காட்டி அவ்வளவுதான்.

அதிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அன்பியம் வந்தது. ஜெபமாலை சொல்லி முடித்ததும் டீ. டீக்குப் பிறகு, அன்றைக்குப் புதிதாக வந்தவர் யாரோ அவர் கேட்பார், "எப்படித்தான் ஆச்சு?" அண்ணன் காபியிலிருந்து ஆரம்பித்துச் சொல்வார். ஒரு மாதத்தில் அண்ணி எங்கள் கூடத்தில் முப்பது முறை சரிந்து விழுந்தார். அண்ணன் சாப்பிடுவது குறைந்தது. பேசுவது நின்றேவிட்டது.

என் போனில் அவருடைய படம் ஒன்று இருந்தது. வெள்ளை ஏரி, சிவப்புக் கூடாரம், முன்னால் அண்ணன், கையில் ஒரு மீன், முகத்தில் சிரிப்பு. முப்பது வருடத்தில் அவர் பல் தெரியச் சிரித்த ஒரே படம். அதைப் பார்த்துத்தான் தீர்மானித்தேன். இந்த மனிதருக்குத் தேவை ஆள் கூட்டம் இல்லை, இப்படி ஒரு மூலை.

பெருங்குடியில், குளிர் தேசத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்த ஒருவர் அதேபோல் ஒரு கூடாரத்தை விற்பனைக்குப் போட்டிருந்தார். அதுவும் சிவப்பு. எனக்கு அது தெய்வச் செயலாகப் பட்டது.

"சார், இது உள்ள இருக்கிற சூடு வெளிய போகாம இருக்கறதுக்குன்னே செஞ்சது. மெத்தை வெச்சுத் தைச்சிருக்கான் பாருங்க. இங்க உள்ள உக்காந்தா இட்லி மாதிரி வெந்துடுவீங்க."

"பார்த்துக்கலாம்."

"தரையும் கிடையாது சார். அடியில ஐஸ்ல ஓட்டை போட்டு அது வழியா தூண்டில் விடணும்ல."

"பரவாயில்லை."

"கட்டறதுக்குக் குடுத்திருக்கிற ஆணியும் ஐஸ்லதான் எறங்கும். அப்புறம் எதுக்குத்தான் சார் இத வாங்கறீங்க?"

"எங்க அண்ணி இறந்துட்டாங்க" என்றேன். அவர் தானே கீழே இறங்கிவந்து, ஆளுயரப் பையை ஆட்டோவின் குறுக்கே வைத்துக் கட்டிக்கொடுத்தார்.

வரும் வழியில் பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்க நிறுத்தினேன். வழக்கமாக வாங்கும் அக்கா ஆட்டோவை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் அது, நீட்டா கட்டி வெச்சிக்கினு போற?"

"கூடாரம்கா. உறைஞ்ச ஏரி மேல உக்காந்து மீன் பிடிக்கிறது."

"ஐஸு மேலயா? நாங்க மீனப் புடிச்சிட்டு ஐஸுக்கு அலையறோம். அவங்களுக்கு ஐஸு மொதல்லயே கீதா. குடுத்து வெச்சவங்க. ஆமா, இங்க யாருக்கு?"

சொன்னேன். கையிலிருந்த சங்கராவைக் கூடையில் போட்டுவிட்டு இரண்டு வவ்வாலை எடுத்தார். "இத்த எடுத்துனு போ. துக்கத்துல கீறவரு முள்ளு பாத்துத் துன்ன மாட்டாரு."

மொட்டை மாடியில் கூடாரம் கட்டிய கதையை விரிவாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சுவரை வெளிப்பக்கம் இழுத்தால் டப்பென்று நிமிர்ந்துவிடும் ஜாதி அது. நிமிர்ந்தது. ஆணி இறங்கவில்லை. சாயங்காலக் கடல் காற்று அதைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் நாலு தண்ணீர் கேன்களை நிரப்பி நாலு மூலையிலும் கட்டினேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "மாமா இதுக்குள்ள போய் உக்காருவாரா?" என்றாள். "பாரேன்" என்றேன்.

அண்ணன் மேலே வந்தார். கூடாரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கிட்டே வந்து அந்த மெத்தைச் சுவரை உள்ளங்கையால் தடவினார். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஜிப்பைத் திறந்து உள்ளே போய் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போய் இன்னொன்றில் உட்கார்ந்து, துருவப் பயணிகள் கூடாரத்துக்குள் என்னென்ன கஷ்டப்பட்டார்கள் என்று விளக்க ஆரம்பித்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் சொன்னார்.

"இது அவளோடது மாதிரியே இருக்கு."

"யாரோடது?"

"உங்க அண்ணியோடது. மீன் பிடிக்கிறது அவதாண்டா. சனிக்கிழமையானா கிளம்பிடுவா. நான் கரையில கார்ல ஹீட்டரப் போட்டுக்கிட்டு பேப்பர் படிச்சிட்டிருப்பேன்."

"அந்தப் படத்துல..."

"அவ பிடிச்சது. படம் எடுக்கறேன்னு என் கையில குடுத்தா. அது துள்ளி என் கோட்டுக்குள்ள பூந்துடுச்சு. அவ சிரிச்சா, நானும் சிரிச்சேன்."

மனைவியை இழந்த ஒருவரை, மனைவி உட்கார்ந்திருந்த இடத்தின் நகலைப் பெருங்குடி வரை போய்த் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து, அதற்குள் உட்காரவைத்திருந்தேன். கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் ஐந்தரை மணிக்கு, அன்பியம் வருவதற்கு முன்பாக அவர் மேலே போய்விடுவார். வந்தவர்கள் அவர் இல்லாமலே கூடத்தில் ஜெபம் செய்தார்கள். நான் அண்ணனோடு உட்கார்ந்திருப்பேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மாடிப்படி வழியாக டீச்சரின் குரல் மேலே வந்தது. மண்ணில் அடக்கம் செய்யப்பட்ட சகோதரியின் இளைப்பாற்றிக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"டேய்" என்றார் அண்ணன். "அவ இன்னும் மண்ணுக்குள்ள போகலடா."

எனக்குப் புரியவில்லை.

"எங்க ஊர்ல ஜனவரியில குழி வெட்ட முடியாது. ஆள் மட்டத்துக்கு உறைஞ்சு கெடக்கும். பெரிய ஊர்ல மெஷின் வெச்சு வெட்டறாங்க. எங்களது சின்ன கல்லறை. பக்கத்துல கல்லு ரூம் ஒண்ணு இருக்கு. குளிர்காலத்துல போறவங்கள அதுல வெச்சுப் பூட்டிடுவாங்க. ஏப்ரல் கடைசியிலயோ மே மாசமோ தரை இளகினதும் போன் பண்ணுவாங்க. அப்பதான் அடக்கம்."

கேன் கட்டிய கயிறு காற்றில் முனகிக்கொண்டிருந்தது.

"நீ வா வான்னு கூப்பிட்ட. நானும் அவள அந்த ரூம்ல விட்டுட்டுக் கிளம்பி வந்துட்டேன். இங்க எல்லாரும் முடிஞ்சுதுன்னு ஜெபம் பண்றாங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போன் வரும். போகணும். போயிடுவேனான்னு எனக்கே தெரியலடா. இன்னொரு தடவ அந்தக் கல்லு ரூம் வாசல்ல நிக்கணும்ல."

எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு என் வாயில் தயாராக இருக்கும். அன்றைக்கும் ஒன்று வந்தது. அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில், "டீச்சர்கிட்ட என்ன சொல்ல?" என்று கேட்டேன்.

"உள்ளதச் சொல்லு. ஆச்சுன்னு நீதான சொன்ன."

கீழே போய், டீ குடித்துக்கொண்டிருந்த டீச்சரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவன்போல நின்றேன். முழுவதும் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியாமச் சொல்லிட்டேன் டீச்சர்."

"தெரியாம இல்ல. கேக்காமச் சொல்லிட்ட." பிறகு என் மனைவியைப் பார்த்தார். "அப்போ இது இன்னும் சாவு வீடுதாம்மா. அடக்கம் ஆகற வரைக்கும் அடுப்பு பத்த வைக்காத."

"டீச்சர், மே மாசம் வரைக்குமா?"

"ஆகட்டும். முறை போட்டு அனுப்பறோம்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டிலிருந்து இட்லி வந்தது, பன்னிரண்டரைக்கு இன்னொரு வீட்டிலிருந்து சோறும் குழம்பும். சாவு வீட்டில் ஒரு நாளைக்கு இருக்கும் வழக்கத்தை அந்தத் தெரு ஐந்து வாரத்துக்கு இழுத்தது. எதிர் பிளாக்கில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம் ஒன்று உண்டு. அவர்கள் முறை வந்தபோது அவர்கள் வீட்டுத் தூக்கும் வந்தது. பேச்சு வரவில்லை.

அடக்கம் ஆகாதவரை ஆளைத் தனியாக விடக்கூடாது என்பதும் சட்டத்தில் உண்டு. ஆகவே அன்பியம் மாடிக்கு ஏறியது. டீச்சருக்கு முட்டி வலி. ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆறு பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை, கூடாரத்துக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்துப் போட்டுக்கொண்டார்கள். எப்படி ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. ஜெபத்தில் அடக்கம் என்ற சொல்லை டீச்சர் எடுத்துவிட்டார். காத்திருக்கும் சகோதரி என்று சொன்னார். நான் உள்ளே, அண்ணனின் எதிரே. மூன்றாம் நாள், வெளியே அவர்கள் ஜெபமாலையின் முன்பாதியைச் சொல்லி நிறுத்தும் இடத்தில் அண்ணனின் குரல் பதில் சொன்னது. முதலில் முனகலாக. பிறகு அவர்களுக்குக் கேட்கும்படி. வெளியே ஒரு நிமிடம் தடுமாறித் தொடர்ந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் போன் வந்தது. அண்ணன் கூடாரத்துக்குள் இருந்தபடியே பேசினார். சரி, சரி என்று இரண்டு முறை சொன்னார். வெளியே வந்து டீச்சரிடம், "தரை இளகிடுச்சாம்" என்றார்.

"கூட யார் வரா?"

எனக்கு விசா நேர்காணலே அடுத்த வருடம்தான் என்று நான் இழுத்தேன்.

"அங்க அவளோட மீன் பிடிக்கிற சிநேகிதிங்க மூணு பேர் இருக்காங்க டீச்சர்" என்றார் அண்ணன். "அவங்க வந்து நிப்பாங்க. நான் போறேன்."

டீச்சர் அவர் நெற்றியில் சிலுவை போட்டார். அறுபத்திரண்டு வயது மனிதர், குனிந்து காட்டினார்.

அடக்கத்துக்குக் குறித்திருந்த நாளுக்கு மறுநாள் காலை, டீச்சர் வந்து எங்கள் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினார். அந்த நேரத்தில்தான் அண்ணன் கூப்பிட்டார்.

"முடிஞ்சுதுடா. நான் கிட்டவே நின்னேன்."

"மண்ணு எப்படிண்ணே இருந்துச்சு?" வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஈரமா இருந்துச்சு. கையில எடுத்தா உதிர்ந்துச்சு. மூணு பிடி போட்டேன்."

அதோடு நான் போனை வைத்திருக்கவேண்டும். என்னைத் தெரியும் அல்லவா, கேட்டுவிட்டேன். "அண்ணே, அந்தக் கூடாரம் இருந்தது உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சா?"

"கூடாரமா? உள்ள வெந்து போயிட்டேன்டா. ஆசையா வாங்கிட்டு வந்தியே, எந்திரிச்சுப் போனா உன் மூஞ்சி தொங்கிடுமேன்னு உக்காந்திருந்தேன். வெளிய டீச்சரெல்லாம் நல்லா காத்து வாங்கிட்டிருந்தாங்க. அங்க எனக்கு ஒரு சேர் போட்டிருக்கலாம்."