தம்பட்டம் ஒட்டிய அம்பு

என் நாத்தனாருக்கு வீட்டில் தம்பட்டம் என்று பெயர். வைத்தது அவள் அண்ணன், அதாவது என் கணவர். காரணம் கேட்கவே வேண்டாம். நாற்காலி பழுதுபார்க்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. செல்லரித்த காலை வெட்டியெடுத்துப் புது மரம் ஒட்டிவிட்டு வந்தால், அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தக் காலின் கதைதான்.

"ஒட்டு எங்கேன்னு அந்த வீட்டுக்காரம்மாவாலயே கண்டுபிடிக்க முடியல அண்ணி!"

"ஒரு தடவையாவது கண்டுபிடிக்கிற மாதிரி ஒட்டித் தொலையேன், எங்க காது கொஞ்சம் ஓயட்டும்," என்பார் என் கணவர்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருபவள். விடுமுறை நாளில் வில் பிடிப்பேன். மர வில், மர அம்பு, குறிபார்க்கக் கருவி எதுவும் கிடையாது. இந்தப் பைன் மர அம்புகளுக்கு ஒரு பொல்லாத குணம்: முறிந்தால் இரும்பு முனைக்குப் பின்னாலேயே முறியும். கல்லில் பட்டாலும் சரி, இலக்குப் பலகையின் சட்டத்தில் பட்டாலும் சரி, அதே இடம்தான். முறித்துக்கொண்டு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அப்படி முறிந்த துண்டைத் தம்பட்டம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கால் போன நாற்காலிதானே அண்ணி இது? முன்பக்கம் கெட்டி மரத்துல ஒரு கால் வெச்சுட்டா போச்சு."

"அம்புக்குக் காலா?"

"பாருங்க நீங்க."

பட்டறையில் பழைய நாற்காலிக் கைப்பிடி ஒன்று கிடந்தது. ஈட்டி மரம், கறுத்து இறுகியது. அதைச் சின்னச் சட்டங்களாக அறுத்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஆழமாக ஒரு வாய் பிளந்தாள். பைன் கம்பின் நுனியை நீளமாக ஆப்புப்போலச் சீவி, பசை தடவி, அந்த வாயில் செருகிக் கயிற்றால் இறுக்கிச் சுற்றினாள். காய்ந்ததும் சதுரமாக இருந்ததை இழைத்து இழைத்து உருளையாக்கினாள். வெளிறிய பைன் கறுப்பு மரத்துக்குள் கூராக இறங்கியிருந்தது. வருடிப் பார்த்தேன், நகத்தில் ஒன்றும் தட்டவில்லை.

அந்த முதல் அம்பு மூன்றாம் முறை எய்ததுமே வாயைப் பிளந்தது. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் தம்பட்டமே கேட்காமல் எங்களுக்குத்தான் என்னவோ போலிருந்தது. பிறகு ஓடி வந்தாள். "அந்த மரத்துல எண்ணெய் இருக்கு அண்ணி! தின்னர் போட்டுத் துடைக்காம ஒட்டிட்டேன்!" துடைத்து ஒட்டியதில் ஆறு அம்புகள் தேறின. கைப்பிடியும் அதோடு தீர்ந்தது.

அந்த ஆறையும் எடுத்துக்கொண்டு மர அம்புப் போட்டிக்குப் போனோம். ஒரு சுற்றுக்கு ஆறு அம்பு எய்ய வேண்டும். அம்புகளைச் சோதித்த நடுவர் ஒட்டைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"கடையில வாங்கினதா?"

"நான் செஞ்சது சார்," என்றாள் தம்பட்டம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கிளம்பும்போதே ஒட்டு விட்டுப்போச்சுன்னா எய்றவங்க கையில சிலாம்பு ஏறிடும். வீட்டுல ஒட்டினதை நான் எதை நம்பி விடுறது?"

"ஒண்ணை உடைச்சுப் பாருங்க. ஒட்டுல உடைஞ்சா எல்லாத்தையும் நானே குப்பையில போடறேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்றை உடைத்தால் எனக்கு மிச்சம் ஐந்து. முன்பாரம் கூடிய இவற்றோடு சாதா அம்பைக் கலந்தால் இவை ஒரு பக்கம் போகும், அது ஒரு பக்கம் போகும். ஜெயிக்கும் ஆசையை அங்கேயே மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். என் பழைய அம்புகள் ஆறும் பையில் இருந்தன. அவற்றை எடுத்தால் முழுப் போட்டியும் ஆடலாம், ஆனால் அவள் வேலை சந்தேகத்தோடு பைக்குள் திரும்பிப் போகும்.

"வேண்டாம் அண்ணி, பழசையே எடுத்துக்குங்க," என்றாள் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

வாயைப் பிளந்த அந்த முதல் அம்பு கண்முன் வந்தது. ஆனாலும் அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

"உடைங்க சார்," என்றேன். "எது வேணும்னாலும் எடுத்துக்குங்க."

நடுவர் ஒன்றை உருவித் துணியைச் சுற்றினார். ஒட்டை மேஜை விளிம்பில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். வளைந்தது. இன்னும் வளைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். படீரென்றது.

"இங்க பாருங்கம்மா," என்றார்.

பைன் மரம் ஒட்டைத் தாண்டி முறிந்து நார்நாராக நின்றது. ஒட்டு அப்படியே இருந்தது. அவர் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தார், மயிரிழைகூட விலகவில்லை. மீதி ஐந்தையும் என்னிடமே நீட்டினார்.

சுற்றுக்கு ஓர் அம்பைக் கோட்டைவிட்டபடியே எய்தேன். கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தது. கோப்பை யாருக்குப் போனதென்று நான் கவனிக்கவில்லை. அந்த நேரம் முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தேநீர் வரிசையில் பீற்றிக்கொண்டிருந்தேன். "என் நாத்தனார் செஞ்சது. ஒட்டைப் பாருங்க. சும்மா நெம்பிப் பாருங்க!"

தம்பட்டம் என் கையைப் பிடித்து இழுத்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் முகம் கோணிக்கொண்டு போனது.

"போதும் அண்ணி, மானத்தை வாங்காதீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்," என்று அடுத்த ஆளிடம் நீட்டினேன்.