நிற்காத ஒளிப்புள்ளி

1994 ஆகஸ்டு, செவ்வாய்க்கிழமை என்கிறது என் டைரி. கோவையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. தற்காலிக உதவியாளர் ஸ்டெல்லாவின் வேலை நிரந்தரமாவது என் அறிக்கையைப் பொறுத்தது. "அளவெடுப்பதில் கவனமில்லை" என்று எழுதி வைத்திருந்தேன்.

காரணம், மிகச் சிறிய மின்னோட்டத்தையும் அளக்கும் நுட்பமான ஒரு கால்வனாமீட்டர். அதில் மெல்லிய இழையில் தொங்கும் சிறு கண்ணாடி, ஒளிப்புள்ளியை அளவுகோலின்மேல் விழச்செய்யும். மின்சாரம் பாயாதபோது புள்ளி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஸ்டெல்லாவின் நோட்டிலோ ஒவ்வொரு தடவையும் வேறு எண்.

"ஏனம்மணி, கை பட்டுருச்சா?"

"கையே வெக்கலீங்க சார். ஃபேனையும் நிறுத்திப்போட்டேனுங்க. நீங்களே உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். மூடிய அறையில் புள்ளி தானாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது முறை குறித்தேன். சராசரி பூஜ்யம்தான், ஆனால் புள்ளி அங்கே நிற்கவேயில்லை. இழையின் விறைப்பையும் அறையின் வெப்பநிலையையும் வைத்துக் கணக்குப் போட்டேன். காற்றின் மூலக்கூறுகள் ஓயாமல் இடித்தால் கண்ணாடி எவ்வளவு ஆடுமோ, ஏறத்தாழ அவ்வளவே ஆடியிருந்தது. எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்து வெப்பச் சமநிலை ஏற்பட்டுவிட்டால் அசைவெல்லாம் அடங்கிவிடும் என்று பதினொரு வருடம் பாடம் நடத்தியவன் நான்.

"நீ எழுதினது சரிதான்" என்றேன்.

"பூஜ்யம்னு எழுதறது எனக்கும் சுலபந்தானுங்க சார்" என்று சிரித்தார் ஸ்டெல்லா.

அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பிறகு பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முந்தைய உதவியாளர் எல்லா நாளும் பூஜ்யம் என்றே எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்தில், "மிக நன்று."

அவற்றில் ஒரு நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். யாரையாவது குறை சொல்லத் தோன்றும்போது எடுத்துப் பார்ப்பேன்.