கழுவாமல் வைத்த கிளாஸ்

போன வாரம் பெல்மதுளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பிளேன்டீ கேட்டேன். கடதாசிக் கோப்பையில் தந்தார்கள். குடித்து முடித்ததும் என் கால்கள் தாமாகவே தண்ணீர்க் குழாயைத் தேடிப் போயின. கடைப் பெண் சிரித்துவிட்டாள். "ஆச்சி, அதெல்லாம் கழுவத் தேவையில்லைங்க. வீசிருங்க" என்றாள். இந்தக் கை கிளாஸ் கழுவிய கதை அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? உங்களுக்குச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

றக்வானைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. இஞ்சியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை அதற்கு. கிராமத்துச் சிங்களவர்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸில் குடிப்பார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு வெளிச் சுவரில் ஆணியடித்துத் தகரக் கோப்பைகள் தொங்கும். நின்றபடி குடித்து, நாமே கழுவி மாட்டிவிட வேண்டும். கடை முதலாளி சிரித்துத்தான் பேசுவார். கோப்பை மட்டும் வேறு.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களோடு கொழுந்து எடுத்த ரஞ்சிதம் அக்கா ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். கடைசி ஆள் நான். யார் கூப்பிட்டாலும் மறுக்கத் தெரியாது, அதுதான் என் வீரம்.

"எளியே பொன்ன" என்றார் முதலாளி. வெளியே குடியுங்கள் என்று சிங்களத்தில்.

"வெளிய வெயிலுங்க முதலாளி. கிளாசுல குடுங்க, குடிச்சிட்டுப் போறோம்" என்றாள் அக்கா.

இரண்டு பெஞ்சையும் நாங்கள் அடைத்துக்கொண்டதில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. மூன்று பஸ் வந்து போனது. வியாபாரம் படுத்ததும் ஏழு கிளாஸ் வந்தது.

குடித்தேன். எழுந்தேன். பழக்கதோஷம், வெளிக் குழாயில் கிளாஸைக் கழுவி, சுவரோரம் கவிழ்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

"ஏம்புள்ள, இம்புட்டு நேரம் குந்துனது இதுக்கா?" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். மறுநாளே, தோட்டத்து ஆட்களும் கிளாஸில் குடிக்கலாம், ஆனால் கழுவி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கிராமத்து ஆட்கள் யாரும் கழுவியதில்லை. அந்த வருடம் முழுக்க, சந்திக்குப் போய் வந்தவர்கள் என்னைக் கண்டால் கிளாஸ் கழுவுவதுபோல் காட்டுவார்கள்.

அடுத்த வருடம் அந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று அக்கா ஏழு பேரையும் மறுபடி கூட்டிப்போனாள். வழியில் என் காதில், "நீ கெடுத்தத நீதான் சரிபண்ணணும். கிளாச வச்சிட்டு சும்மா குந்து" என்றாள்.

குடித்துவிட்டுக் கிளாஸை மேசையில் வைத்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். முதலாளி குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிளாஸ் விளிம்பில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அதை விரட்டக்கூட நான் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவரே வந்து ஏழு கிளாஸையும் விரல்களில் கோர்த்து எடுத்துப்போனார். பெஞ்சுக்கடியில் அக்கா என் காலை மிதித்தாள். அன்றோடு நாங்கள் கழுவுவது நின்றது.

அப்புறம் வருடாவருடம் போனோம். மேடை, மாலை ஒன்றும் கிடையாது. ஆளுக்கொரு தேத்தண்ணி, தோய்த்துத் தின்ன ஒரு பணிஸ். பின்னாளில் எங்களைக் கண்டதும் முதலாளி பெஞ்சைத் துடைத்துவிடுவார்.

பாதையை அகலமாக்கியபோது கடை போனது, ஆணிச் சுவரும் போனது. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஏழு பேரில் இப்போது நான் மட்டும், அதுவும் யாரும் அதட்டாத இந்தக் காலத்தில் குழாயைத் தேடிக்கொண்டு.

பெல்மதுளையில் அந்தக் கடதாசிக் கோப்பையை நான் வீசவில்லை. மேசையில் வைத்துவிட்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வந்து எடுத்துப்போனாள்.