மணி அடித்தும் முடியாத வகுப்பு

பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கணக்கு மேடம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் பயந்தாங்கொள்ளி. பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவள் என்பதால் அந்தப் பெயரை அவள் மறுத்ததும் இல்லை.

யாருக்கும் வேண்டாத போர் ஒன்று இரண்டாவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. இறுதியாண்டுப் பையன்களையும் படைக்கு இழுக்கத் தொடங்கியதும், மாணவர்கள் வகுப்புகளை விட்டுவிட்டுப் பெரிய அரங்கில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சரித்திரப் பேராசிரியர் அங்கேயே போரைப் பற்றிப் பாடம் எடுத்தார். இன்னும் சில ஆசிரியர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கணவனுக்கு அரசு வேலை. "நீ உண்டு, உன் வேலை உண்டுன்னு இரு" என்று அவன் தினமும் சொல்லியனுப்புவான்.

ஒரு நாள் காலையில் சரித்திரப் பேராசிரியரையும் மற்ற ஆசிரியர்களையும் வீட்டிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வளாகத்துக்குள் போலீஸ் வண்டிகள் நுழைந்தன. அவள் மாடி ஜன்னலில் நின்று, தடிகளோடு இறங்கியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மேடம், வகுப்பு நடந்துட்டிருந்தா துணைவேந்தர் அனுமதி இல்லாம போலீஸ் அரங்குக்குள்ள வரக்கூடாதாம். எங்ககிட்ட ஒரு சார்கூட இல்ல."

"எனக்கு வகுப்பு இருக்கும்மா..."

"உங்க வகுப்பே அங்கதான் மேடம் உட்கார்ந்திருக்கு."

எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அரங்கின் மேடையில் ஏறிக் கரும்பலகை முன்னால் நின்றாள். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. மூன்றாவது துண்டால் ஒரு சமன்பாட்டை எழுதினாள்.

வாசலில் அதிகாரி வந்து நின்றார். "என்னம்மா நடக்குது இங்க?"

சாக்பீஸைக் கீழே வைக்காமலே திரும்பினாள். "வகுப்பு... வகுப்பு நடக்குது சார்."

"இத்தனை பேரும் கணக்கா படிக்கிறாங்க?"

இலக்கிய மாணவன் ஒருவன் கையைத் தூக்கினான். "மேடம், அந்த ரெண்டாவது வரி புரியல."

நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் விளக்கினாள்.

அதிகாரி அனுமதிக்கு ஆள் அனுப்பினார். துணைவேந்தர் எங்கே ஒளிந்துகொண்டாரோ, பதில் வரவில்லை. அவள் பலகை நிறைய எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். நிறுத்தினால் உள்ளே வந்துவிடுவார்கள் என்ற ஒரே எண்ணம். ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. மணி அடித்தது. நிறுத்தவில்லை.

அதற்குள் விஷயம் ஊருக்குள் பரவி, பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். கடைசியில் அனுமதி வந்து போலீஸ் நுழைந்தபோது, தாழ்வாரம் முழுக்க அப்பாக்களும் அம்மாக்களும் நின்றார்கள். அத்தனை பேர் கண்ணெதிரே தடியை ஓங்க யாருக்கும் கை வரவில்லை. பிள்ளைகள் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். அவளைத்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

"யார் சொல்லி வந்தீங்க?" என்று நிலையத்தில் கேட்டார்கள்.

"யாரும் சொல்லல. பயமா இருந்துச்சு சார்."

"பயமா இருந்தா வீட்டுக்குல்ல போயிருக்கணும்?"

அவள் விரலிடுக்கில் இருந்த சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் விட்டார்கள். அழைத்துப்போகக் கணவன் வந்தான். வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்க முடியாமல் அவன் கை தடுமாறுவதைப் பார்த்ததும், வாங்கி அவளே திறந்தாள்.

மறுநாளே பணியிடை நீக்கம். சரித்திரப் பேராசிரியர் நெடுங்காலம் சிறையில் இருந்தார். அரங்கில் உட்கார்ந்திருந்த பையன்கள் சிலரைப் பிறகும் போருக்கு அனுப்பினார்கள், எல்லோரும் திரும்பவில்லை. ஒருவழியாகப் போர் முடிந்ததும் அவளைப் பழைய வேலைக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஆனால் பயம் போகவில்லை. இன்றும் யாராவது கதவைத் தட்டினால் கணவன்தான் போவான். வெளியே பேசுவது பால்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோதான் என்று நிச்சயமாகும்வரை அவள் அடுப்பங்கரையில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள்.