சுரங்கத்து அத்தானும் என் நைட்ரஜன் மெஷினும்

என் அக்கா புருல்சாவின் கணவர் கெங்கெஷ், தங்கச் சுரங்கத்தின் டயர் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். இரண்டு வாரம் மலையில், இரண்டு வாரம் ஏரிக்கரை ஊரான பலிக்சியில் எங்களோடு. மலை என்றால் நாலாயிரம் மீட்டர். ஜூலையிலும் பனி விழும். அங்கே பாறை அள்ளும் லாரியின் ஒரு டயர் அத்தானைப் போல இரண்டு மடங்கு உயரம். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களை இந்த ஏரிக்கரை முழுக்கத் தேடினாலும் பத்துப் பேர் தேறமாட்டார்கள். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், “சக்கரத்துக்குக் காத்தடிக்கிறேன்” என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

நான் ஒன்பது வருடம் தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டிவிட்டு, முதுகு போனபின் நாரின் சாலை பிரியும் இடத்தில் டயர் கடை வைத்தேன். அந்த முக்கில் ஏற்கெனவே நாலு டயர் கடை உண்டு. ஐந்தாவது கடைக்கு எவன் வருவான்? அதனால் இரண்டு பெண் குதிரைகளை விற்று, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். வாசலில் பெரிய பேனர்: ‘நைட்ரஜன்! பெட்ரோல் பாதி மிச்சம். டயருக்கு இரட்டை ஆயுள். குளிரில் இறங்காது. தங்கச் சுரங்கத்தில் போடும் அதே வாயு!’

கடைசி வரி என் சொந்த மூளை. அத்தான் மலையிலிருந்து இறங்கும் நாளாகப் பார்த்துத் திறப்பு விழா வைத்தேன்.

“அத்தான், நீங்க ஒண்ணும் பேச வேணாம். சுரங்கத்து ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னாப் போதும்.”

“நிக்கிறேன். யாராச்சும் ஏதாச்சும் கேட்டா?”

“அங்க நைட்ரஜன்தான் அடிக்கிறோம்னு சொல்லுங்க. பொய்யில்லையே?”

“பொய்யில்ல” என்றார். பேனரைக் கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தார்.

ஆடு வெட்டினோம். அக்கா ஒரு மூட்டை மாவுத் துண்டுகளைப் போர்சோக்காகப் பொரித்திருந்தாள். மசூதிப் பெரியவர் துஆ சொல்லி முடித்து, எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டபோது வாசலில் பதினோரு வண்டிகள் நின்றன. முதல் வண்டி அனார்குலுடையது. சிறிய ஹோண்டாவில் கடை கடையாக ரொட்டி போடுகிறவள், வாய்க்குப் பூட்டில்லாதவள்.

“கெங்கெஷ் அண்ணே, நீங்க சொல்லுங்க. இவன் வேன் ஓட்டும்போதே ‘அஞ்சு நிமிசத்துல கெளம்பும்’னு ஒரு மணி நேரம் உக்கார வெச்சவன். இவன் பேச்ச நம்பி நாலு டயருக்கும் அடிச்சுக்கட்டுமா?”

கூட்டம் சிரித்தது. அத்தான் குனிந்து அவள் டயரைப் பார்த்தார்.

“உனக்கு வேணாம்மா.”

நான் அவர் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து இழுத்தேன். அவர் கையைத் தட்டிவிட்டார்.

“அப்ப சுரங்கத்துல மட்டும் எதுக்காம்?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

அப்போதுதான் என் அத்தான் பேசினார். பத்தொன்பது வருடத்தில் அவர் அத்தனை பேசி நான் கேட்டதில்லை.

“அங்க நூறு டன்னுக்கு மேல பாறையோட லாரி சரிவுல எறங்கும். பிரேக் கொதிக்கும். டயருக்குள்ள ரப்பர் கருகிப் பொகையும். உள்ள சாதாக் காத்து இருந்தா, அதுல இருக்கிற ஆக்சிஜன்ல அந்தப் பொக தீப்பிடிச்சு டயரே வெடிச்சிரும். ஒருக்கா அப்படி வெடிச்சப்ப நான் மண்மேட்டுக்குப் பின்னால கெடந்தேன். மூணு நாள் காது கேக்கல. அதுக்குத்தான் நைட்ரஜன். ரொட்டி வண்டிக்கு எதுக்கு? சும்மாக் காத்துலயே அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன்தான்.”

“குளிர்ல எறங்காதுன்னு எழுதியிருக்கே?”

“எல்லா வாயுவும் குளிர்ல சுருங்கும். இது ரப்பர் வழியாக் கொஞ்சம் மெதுவாக் கசியும், அது நெசம். வருசத்துக்கு ஒருக்கா டயரப் பாக்குற சோம்பேறிக்கு உதவும். மாசா மாசம் பாத்துக் காத்தடிக்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.”

“பெட்ரோல் பாதி மிச்சமாமே?”

“வண்டிய வீட்டுலயே நிறுத்தினா முழுசா மிச்சம்.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் என் காது எரிந்தது. அவர் பையிலிருந்து தன் அழுத்தமானியை எடுத்து, வரிசையில் நின்ற ஒவ்வொரு வண்டியாக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். பதினொன்றில் எட்டு வண்டிக்கு அழுத்தம் குறைவு. ஒன்றின் உள்பக்கத்தில் முட்டை மாதிரி வீக்கம். அந்த வண்டிக்காரர் மறுநாள் குடும்பத்தோடு கரகோல் போக இருந்தார்; இந்த டயரில் போகாதீங்க என்றார் அத்தான். எல்லாருக்கும் சாதாக் காற்றை அவரே அடித்தார். என் மெஷின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது.

கூட்டம் கலைந்ததும் வெடித்தேன். “ரெண்டு குதிர அத்தான்! ரெண்டு குதிரய வித்து வாங்குனது!”

“தெரியும்டா.”

“தெரிஞ்சுமா இப்படிப் பண்ணீங்க?”

“என் ஜாக்கெட்டக் காட்டி நீ பொய் சொல்லச் சொன்ன. நான் அந்த ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு மேல போய் நிக்கணும். அங்க நான் சரின்னு சொன்னாத்தான் டிரைவர் லாரியில ஏறுவான்.”

அக்காவிடம் நியாயம் கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, “உன்னைய நீ பொறந்ததுலேருந்து எனக்குத் தெரியும். அவர எனக்கு இருபது வருசமாத்தான் தெரியும். ஆனா டயர் விசயத்துல நான் அவர் பக்கம்” என்றாள்.

மறுநாள் பேனரை நானே கத்தரியால் வெட்டி இறக்கினேன். கோபத்தில்தான், திருந்தி அல்ல. ஆனால் அன்று காலையே மூன்று வண்டிகள் வந்தன. நாலு கடையையும் தாண்டி வந்தவை. வீங்கிய டயர்க்காரர் இரண்டு புது டயர் போட்டுக்கொண்டார். அனார்குல் ரொட்டி போடும் கடைகளிலெல்லாம் கதையையும் போட்டிருந்தாள்.

நாலாம் நாள் காரா-கெச்சே சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வந்த சாகின் என்ற டிரைவர் தன் லாரியைக் கடைமுன் நிறுத்தினான். சக்கரத்தில் கருகல் வாடை.

“நீங்கதான் நைட்ரஜன் வேணாங்கிற ஆளா?” என்றான் அத்தானிடம்.

அத்தான் சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“எம்புட்டு ஏத்துற?”

“நாப்பது டன். சில நாள் அதுக்கு மேலயும்.”

“கொறச்சு ஏத்து. சரிவுல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராத, கியர்ல எறங்கு. அதான் மருந்து. அதுக்கப்புறம் பின் சக்கரங்களுக்கு இது போட்டுக்க. ஒனக்கு ஓரளவு பிரயோசனம் உண்டு.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “டேய், உறையப் பிரி.”

சாகின் ஒரு கேள்விகூடக் கேட்காமல் போட்டுக்கொண்டான். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நிலக்கரி லாரிகளில் பாதி என் வாடிக்கை. வேண்டாம் என்று ஊருக்கே சொன்னவர் வேண்டும் என்று சொன்னதால் வந்தவர்கள். கார்களுக்கு நான் நைட்ரஜன் அடிப்பதில்லை. வற்புறுத்திக் கேட்டால் அடிப்பேன், உபயோகமில்லை என்று சொல்லிவிட்டு.

போன மாதம் கொச்கோரில் ஒரு டீக்கடையில் என்னைத் தெரியாத டிரைவர்கள் டயரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன், “சண்டைய விடுங்கடா, பலிக்சியில சுரங்கத்துக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட கேப்போம்” என்றான். நான் எழுந்து, அவர்கள் எல்லோருடைய டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

“நீங்க யாருண்ணே?” என்றான் அவன்.

“அவரோட மச்சான்” என்றேன்.