மண்டூர்ப் பாதையில் ஒரு 'மறுகா?'

மண்டூர் முருகனுக்கு வைத்த நேர்த்திக்கடன் மூன்று வருடமாக என் தலையில் கிடந்தது. போன மாசி மாதம் ஒருவழியாக யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டேன். கோயிலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போகிற வழியில் என் வாய் பார்த்த வேலையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நிம்மதி இராது.

மட்டக்களப்பு நகரில் காலை 5.30க்குக் கல்முனை பஸ் ஏறினேன். களுவாஞ்சிகுடிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணித்தியாலம், நூற்றறுபது ரூபாய். அங்கிருந்து குருமண்வெளித் துறைக்கு ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார், இருநூற்றைம்பதுக்கு வந்தார். துறையில் 'பாதை' நிற்கும். வீதி என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான இயந்திரப் படகுக்குத்தான் இங்கே அந்தப் பெயர். ஏழு மணிப் பாதை, பதினைந்து நிமிடப் பயணம்.

சீருடையில் இருந்த மருத்துவமாது ஒருவர் படகில் நாவல் ஒன்றைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். பெயர் சுகந்தினி, அக்கரையில் வேலை; தினமும் இதே படகில் கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பாராம். எதிரே மீன் கூடையோடு பூமணி, நாற்பது வயதிருக்கும். கதையில் கோபித்துக்கொண்டு போன மகளைத் தாய் ஊர் ஊராகத் தேடுகிறாள். வாசிப்பு நின்றால் போதும், பூமணி "மறுகா?" என்பார். யாழ்ப்பாணத்தவளான எனக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. 'பிறகு?' என்று அர்த்தமாம்.

அக்கரை வந்ததும் சுகந்தினி புத்தகத்தை மூடினார். "அந்தப் பிள்ள மறுகா வருமா?" என்று பூமணி கேட்டார். நான் அந்த நாவலைப் படித்தவள். சும்மா இருந்திருக்கலாம். "வருவா. ஆனா அப்ப தாய் உயிரோட இல்லை" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

பூமணி கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

"ஏன் அக்கா சொன்னீங்க?" என்றார் சுகந்தினி. குரலில் கோபமில்லை, அதுதான் சுட்டது. "அவ அஞ்சாம் வகுப்போட நிண்டவ. எழுத்துக் கூட்டி வாசிப்பா, ஆனா வெக்கம். கடைசி அத்தியாயத்த நான் வாசிக்காம, புத்தகத்த அவட கையில குடுக்க இருந்தன். முடிவு தெரிஞ்சா மறுகா எதுக்கு வாசிக்கிற?"

கோயிலில் நேர்த்தியை முடித்துவிட்டு, பூமணிக்காகத்தான் அதிக நேரம் கும்பிட்டு நின்றேன். அன்றே ஊர் திரும்ப வேண்டியவள், அவரை மறுபடி பார்க்காமல் போக மனமில்லாமல், பின்னேரம் வாவியைக் கடந்து களுவாஞ்சிகுடியில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் அறையில் தங்கினேன்.

மறுநாள் அதே ஏழு மணிப் பாதை. பூமணி நேராக என்னிடம் வந்தார். "நேத்துச் சொன்னது உண்மையா?"

நான் வாயைத் திறக்குமுன் சுகந்தினி முந்திக்கொண்டார். "பொய். அவ வேற கதையோட மாறிச் சொல்லிட்டா." நானும் ஓமோம் என்று தலையாட்டினேன். பொய்க்காரியாவது பெரிய காரியமில்லை என்று தோன்றியது.

பூமணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் என்னை ஏய்க்கிறீங்க. தாய் செத்தது உண்மையெண்டா, அந்தப் பிள்ள வந்து என்னத்தச் சொல்லி அழும்? ராவு முழுக்க எனக்கு நித்திரை இல்ல. இஞ்ச தாங்க புத்தகத்த."

கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு வாங்கினார். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் கடைசி அத்தியாயத்தின் முதல் வரியை வாசித்தார். பிழை விட்டார், திரும்ப வாசித்தார். அந்த ஒரு வரிக்குள் பாதி வாவி கடந்துவிட்டது. மூச்சு வாங்கி நிறுத்தினார்.

சுகந்தினிதான் மெல்லக் கேட்டார். "மறுகா?"

பூமணி அடுத்த வரியில் விரலை வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: காற்று பலமாக இருந்தால் பாதை நேரம் மாறும், முதல் நாளே துறையில் கேட்டுவையுங்கள். குடை அவசியம், சில்லறையும் வேண்டும். படித்து முடித்த நாவல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ச் சுகந்தினியிடம் கொடுங்கள். அதன் முடிவை மட்டும் வாய்க்குள் அடக்கிக்கொள்ளுங்கள். வாசிக்கிறவர் நிறுத்தினால் கேட்க வேண்டிய ஒரே சொல்லை உங்களுக்குச் சொல்லித் தந்துவிட்டேன்.